இரண்டு இன்ச் கோயும் இருநூறு லிட்டர் தொட்டியும்: கொளத்தூரில் குளத்து மீன் வாங்குவோருக்கு

சென்னை கொளத்தூருக்கு வண்ண மீன் வாங்கப் போகிறவர்களில், வீட்டுத் தோட்டத்தில் குளம் கட்டியவர்கள் பெரும்பாலும் ஒரே மீனைத்தான் கேட்கிறார்கள்: கோய் என்னும் ஜப்பானிய வண்ணக் கெண்டை. தொட்டி கட்டியாயிற்று, அல்லி வைத்தாயிற்று, நான்கு கோய் விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கடையில் நீந்துகிற குட்டிகள் இரண்டு இன்ச்தான் இருக்கின்றன. இரண்டு இன்ச் மீனுக்கு 200 லிட்டர் தாராளம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அது குட்டி. நல்ல தண்ணீரும் தீனியும் கிடைத்தால் ஒரே வருடத்தில் 8 இன்ச் தாண்டும், வளர்ந்து முடிக்கும்போது 2 அடி வரும்.

இங்கே மதிப்பிடுவது கடைகளை அல்ல, தோட்டக் குளத்துக்கென்று அங்கே கிடைக்கிற மீன்களை. எந்த அளவுக் குளத்துக்கு எது தகும், எது தகாது, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். கணக்கெல்லாம் சென்னை போன்ற சமவெளி வெயிலுக்கு. ஊட்டி, கொடைக்கானலில் இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்: அங்கே கோயும் கோல்ட் பிஷ்ஷும் சுகமாக இருக்கும், கப்பியும் கௌராமியும் குளிரில் சுருண்டுவிடும்.

முதலில் லிட்டர்

குளத்தை அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள். செவ்வகத் தொட்டி என்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். வட்டத் தொட்டி, கிணற்று உறை என்றால் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, அதை 22.2-ஆல் பெருக்குங்கள். 3 அடி விட்டமும் 1 அடி உயரமும் உள்ள ஒரு உறை 200 லிட்டர். 4 அடி விட்டத்தில் 2 அடி தண்ணீர் நின்றால் 710 லிட்டர். 8 அடிக்கு 6 அடி, 3 அடி ஆழம் என்றால் ஏறக்குறைய 4,000 லிட்டர்.

பலர் தவறுவது இங்கேதான். கட்டின அளவைச் சொல்வார்கள், தண்ணீர் நிற்கிற அளவைச் சொல்ல மாட்டார்கள். 6க்கு 4, 2 அடி ஆழத் தொட்டி காகிதத்தில் 1,350 லிட்டர். மேலே 3 இன்ச் இடம் விட்டு, அல்லித் தொட்டி இரண்டும் கூழாங்கல்லும் போட்டபின் உள்ளே நிற்பது 1,100 லிட்டர்தான். மீன் கணக்கை இந்த 1,100-க்குத்தான் போட வேண்டும். மொட்டை மாடியில் வைக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: 1,000 லிட்டர் என்றால் ஒரு டன். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் அங்கே பெரிய தொட்டி வைக்கக் கூடாது.

விடியற்காலை 4 மணி

லிட்டருக்கு இத்தனை இன்ச் மீன் என்றொரு பழைய சூத்திரம் கடைகளில் இன்னும் உலவுகிறது. அது ஏன் பொய்க்கிறது என்றால், மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. நீளம் இரண்டு மடங்கானால் எடை சுமார் எட்டு மடங்காகும். 30 சென்டிமீட்டர் கோய் அரைக் கிலோ அளவில் இருக்கும், 60 சென்டிமீட்டர் கோய் மூன்றரை, நான்கு கிலோ இருக்கும். தின்பதும் கழிப்பதும் மூச்சு வாங்குவதும் நீளத்தோடு அல்ல, எடையோடு சேர்ந்து ஏறுகின்றன.

இதோடு வெயிலும் சேர்கிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு அதிகபட்சம் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரை, 34 டிகிரியில் ஏழு. தண்ணீர் சூடேற ஏற மீனுக்குத் தேவையோ கூடும். சித்திரை வைகாசியில் நிழலில்லாத 2 அடிக் குளம் பிற்பகலில் 34 டிகிரியைத் தொடும். பகலில் பாசியும் செடியும் ஆக்சிஜன் விடுவதால் சமாளித்துவிடும். இரவில் அதே பாசியும் செடியும் மீனோடு சேர்ந்து மூச்சு வாங்கும். அதனால் ஒரு குளத்தின் உண்மையான கொள்ளளவு தெரிவது விடியற்காலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில்தான். அந்த நேரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால், பகலில் எவ்வளவு துள்ளினாலும் அந்தக் குளத்தில் மீன் அதிகம். மூட்டமான நாளுக்கு அடுத்த விடியற்காலை இன்னும் மோசமாக இருக்கும்.

அம்மோனியாவையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சின தீனியிலிருந்தும் வருவது. பிஎச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண். பிஎச் 7 உள்ள 30 டிகிரித் தண்ணீரில் அந்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்கு கூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8.5 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு விஷம். சிமென்ட் தொட்டி, பச்சைத் தண்ணீர், பிற்பகல் வெயில் மூன்றும் சேர்ந்தால் பிஎச் 8.5 சாதாரணமாக வரும். ஒரே அளவு கழிவு ஒரு வீட்டில் மீனை ஒன்றும் செய்யாமல், அடுத்த வீட்டில் கொல்வது இப்படித்தான்.

300 லிட்டர் வரை: கப்பி, கௌராமி, கில்லி

உறைத் தொட்டி, பழைய கல்தொட்டி, பெரிய பிளாஸ்டிக் டப் எல்லாம் இந்த வகை. மோட்டார் இல்லாமலே நடத்தலாம். செடி நிறைய, மீன் குறைய என்பதுதான் விதி.

கப்பிக்கு இங்கே முதல் மதிப்பெண். கொசுப்புழுவை விடாமல் தின்னும், சூட்டைத் தாங்கும், சின்ன மீன். ஆனால் எந்தக் கப்பி என்பது முக்கியம். கண்ணாடித் தொட்டிகளில் தனித்தனியாக வைத்து விற்கிற, பெரிய வால் உள்ள ரகக் கப்பிகள் ஒரே வம்சத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்த்து எடுத்தவை. அழகுக்கு ஈடில்லை, ஆனால் வெளித் தொட்டிக்கு நோஞ்சான். பெரிய டப்பில் கலந்து விற்கிற ‘மிக்ஸ் கப்பி’தான் தோட்டத்துக்கு ஏற்றது. விலையும் அதுதான் குறைவு. 200 லிட்டருக்கு 3 ஆண், 6 பெண் போதும். ஒரு பெண் மீன் ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஆணே இல்லாவிட்டாலும் முன்பு சேர்ந்தபோது பெற்ற விந்தை உடலில் சேமித்து வைத்துப் பல மாதம் போடும். ஆகவே 9 மீன் வாங்கினால் 9 மீனோடு நிற்காது. தீனியை வாரி இறைத்தால் மூன்று நான்கு மாதத்தில் நூறைத் தொடும். வாரம் மூன்று நாள், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு தூள் தீனி மட்டும் போட்டால் எண்ணிக்கை தானாக மட்டுப்படும்.

கௌராமியைத் தோட்டத் தொட்டிக்கு நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. அது ஒரு குறைதான். தண்ணீருக்கு மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடிய மீன் இது, விடியற்காலை ஆக்சிஜன் தட்டுப்பாடு இதை அவ்வளவாகத் தொடாது. நீலக் கௌராமி 5 இன்ச் வரும், 300 லிட்டருக்கு ஒரு ஆணும் இரண்டு பெண்ணும் வைக்கலாம். இரண்டு ஆண் விட்டால் சண்டைதான். ஆணின் முதுகுத் துடுப்பு நீண்டு கூராக இருக்கும், பெண்ணுக்கு வட்டமாக இருக்கும். கடையில் கேட்டு இதைப் பார்த்து எடுங்கள். தொட்டியை பாலிதீன் போட்டு இறுக்கி மூடிவிடாதீர்கள், மேற்பரப்பில் காற்று கிடைக்க வேண்டும்.

கோல்டன் வொண்டர் கில்லி என்ற பெயரில் விற்பது வேறெதுவுமில்லை, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான கோடிட்ட பஞ்சாக்ஸ் மீனின் மஞ்சள் ரகம். எப்போதும் நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கும், கொசுப்புழு விழுங்குவதில் கப்பிக்குச் சற்றும் குறைந்ததல்ல. கப்பியோடு சேர்த்து விடாதீர்கள், குட்டிகளை விழுங்கிவிடும். எண்ணிக்கை பெருகக் கூடாது என்று நினைப்பவர்கள் மட்டும் வேண்டுமென்றே ஒரு ஜோடி சேர்க்கலாம். தாவும் மீன், தண்ணீரை விளிம்பிலிருந்து 4 இன்ச் கீழே வையுங்கள்.

கொசுவுக்கென்று கம்பூசியா கேட்டு வாங்க வேண்டாம். தவளை முட்டை, மற்ற மீன் குஞ்சு, துடுப்பு என்று எதையும் விடாமல் கடிக்கிற மீன். வெளியே தப்பினால் நம் நீர்நிலைகளின் சிறுமீன்களுக்குக் கேடு.

300 முதல் 1,500 லிட்டர்: பலரும் தவறவிடுகிற பகுதி

சென்னை வீடுகளில் கட்டுகிற குளங்களில் பெரும்பாலானவை இந்த அளவுதான். இதில்தான் கோயைத் திணிக்கிறார்கள். உண்மையில் இந்த அளவுக்கு அழகான மீன்கள் அதே கடைகளில், கோய் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன.

ரோஸி பார்ப் நம் துணைக்கண்டத்து மீன், மூன்று நான்கு இன்ச் வரும், கூட்டமாகத் திரும்பும்போது ஆண்கள் செம்பு நிறத்தில் மின்னும். மேலிருந்து பார்க்கிற குளத்துக்கு நிறம் முதுகில் தெரிய வேண்டும். இதில் தெரியும். 700 லிட்டருக்கு 10 முதல் 12 வரை விடலாம், ஆறுக்குக் குறைந்தால் கூச்சப்பட்டு ஒளியும். மெல்லிய இலைப் பாசியைக் கடிக்கும், அல்லியை ஒன்றும் செய்யாது. மோலி, பிளாட்டி, வாள்வால் மூன்றும் கப்பியைப் போலக் குட்டி போடுபவை. கடினத்தன்மை கூடின போர் தண்ணீரில் மோலி நன்றாக வாழும். ஆரஞ்சு வாள்வால் கரும்பச்சைத் தண்ணீரில் எடுப்பாகத் தெரியும், ஆனால் தாவும். ஜீப்ரா டேனியோ விறுவிறுப்பான மீன், 15, 20 என்று கூட்டமாக விட்டால்தான் கண்ணில் படும்.

கோல்ட் பிஷ்ஷை 1,000 லிட்டருக்குக் கீழே வெளியில் வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பெரிதாகிற மீன் என்பது ஒரு காரணம், அதைவிடச் சூடு. 28 டிகிரிக்குமேல் அதற்கு வசதியில்லை. 1,000 முதல் 1,500 லிட்டரில், பாதி நிழலும் வடிகட்டியும் இருந்தால் ஆறு வரை வைக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

1,500 முதல் 5,000 லிட்டர்: ஒற்றை வால் கோல்ட் பிஷ்

இந்த அளவுக்கு காமெட்டும் ஷுபுங்கினும்தான் சரியான தேர்வு. கோய் தருகிற அசைவும் நிறமும் ஏறக்குறைய கிடைக்கும், பாதி உடம்பில். காமெட் ஓர் அடி வரை போகும், 8 இன்ச் சாதாரணம். ஷுபுங்கினில் நீலச் சாயல் அதிகமுள்ளதைத் தேடி எடுங்கள், மேலிருந்து பார்க்கும்போது அதுதான் தனித்துத் தெரியும். ஒரு மீனுக்கு 150 லிட்டர் என்று வையுங்கள். 2,000 லிட்டருக்கு 12, 13 மீன்.

கடையில் கோல்ட் பிஷ் என்று மட்டும் கேட்டால் இரட்டை வால், உருண்டை உடம்பு ரகங்களையே எடுத்துக் காட்டுவார்கள். ஒராண்டா, ரெட் கேப், பிளாக் மூர் எல்லாம் அவைதான். திறந்த குளத்தில் அவை மீன்கொத்திக்குத் தட்டில் வைத்த சாப்பாடு. வேகமாக ஓட முடியாது, தீனிப் போட்டியில் தோற்கும், குடல் நெருக்கத்தால் சீக்கிரம் கவிழ்ந்து மிதக்கும். ‘ஒற்றை வால், காமெட் இல்லாவிட்டால் ஷுபுங்கின்’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சிவப்புக் கோய்க் குட்டியையும் காமெட்டையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. வாயோரத்தைப் பாருங்கள்: கோய்க்கு இரண்டு ஜோடி மீசை இருக்கும், கோல்ட் பிஷ்ஷுக்கு மீசையே கிடையாது.

இந்த அளவிலிருந்து மோட்டார் கட்டாயம். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை குளத்துத் தண்ணீர் முழுவதும் வடிகட்டி வழியாகப் போய்வர வேண்டும். 4,000 லிட்டருக்கு மணிக்கு 2,000 லிட்டர் தள்ளுகிற மோட்டார். அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அது தூக்கும் உயரம் பூஜ்யமாக இருக்கும்போது வருகிற எண். அதிகபட்சத் தூக்கு 3 மீட்டர் என்று போட்ட மோட்டாரை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தள்ளவிட்டால் ஏறக்குறைய பாதிதான் வரும். 50 வாட் மோட்டார் இரவு பகல் ஓடினால் மாதம் 36 யூனிட். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் அது அதிகம் தேவையோ அந்த நேரத்தில் நிறுத்துகிறார்கள். வடிகட்டிக்குள் இருந்து அம்மோனியாவைக் கையாளுகிற பாக்டீரியாவும் சில மணி நேரம் தண்ணீர் ஓடாவிட்டால் மூச்சுமுட்டிச் சாகும்.

8,000 லிட்டருக்குமேல்: இப்போது கோய்

ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதியில், சாப்பாட்டுக்கு வளர்த்த கெண்டையிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் பிரித்தெடுத்த நிறங்கள் இவை. 1914-இல் டோக்கியோ கண்காட்சியில் வைத்தபின் உலகம் பார்த்தது. பனி விழுகிற ஊரின் மீன் என்பதை மறக்காமல் இருந்தால் சென்னையில் எப்படி வளர்ப்பது என்று புரிந்துவிடும். ஆழமும் நிழலும் ஓட்டமும் கொடுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

நாங்கள் வைக்கிற அளவு: வளர்ந்த கோய் ஒன்றுக்கு 1,000 லிட்டர், குளத்தில் மொத்தம் 8,000 லிட்டருக்குக் குறையாமல், ஆழம் 4 அடி. 4,000 லிட்டரில் கோய் வைக்கலாம் என்பவர்கள் உண்டு. ஐரோப்பாவின் குளிர்ந்த தோட்டத்துக்கு அது பொருந்தலாம், இங்கே மே மாதத்தில் பொருந்தாது. 10 அடிக்கு 8 அடி, 4 அடித் தண்ணீர் என்றால் 9,000 லிட்டர். அதில் 8 கோய் வரை. குட்டியாக வாங்கும்போது 12 வாங்கி, ஒரு வருடம் கழித்து நான்கைத் திருப்பிக் கொடுப்பதுண்டு. திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையை முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

4 அடி ஆழத்துக்கு இன்னொரு காரணம் சுவர். சரிவாகக் கட்டாமல் செங்குத்தாகக் கட்டினால் கொக்கும் குருட்டுக் கொக்கும் இறங்கி நிற்க இடமிருக்காது. மீன்கொத்தி மேலிருந்து பாய்வது. அது தூக்குகிற அளவு மூன்று நான்கு இன்ச் மீன்தான், அதுவரை முக்கால் இன்ச் வலை போட்டு வையுங்கள். பச்சை நிழல்வலையை 50 சதவீத ரகமாக மேற்கு வெயில் படும் பக்கம் கட்டினால் பிற்பகல் சூடு கண்கூடாகக் குறையும்.

கோய்க் குளத்தில் அல்லி, தாமரை, அழகுப் பாசி வேண்டும் என்பவர்கள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மண்ணைக் கிளறித் தின்பது கெண்டையின் பிறவிக் குணம். தொட்டிச் செடியைக் கவிழ்த்து, மண்ணைக் கரைத்து, ஒரே வாரத்தில் குளத்தைச் சேறாக்கும். செடிக்குளமா, கோய்க்குளமா என்பதைக் கொத்தனாரிடம் பேசும் முன்பே முடிவு செய்யுங்கள்.

ரகம் பற்றிச் சுருக்கமாக. கொளத்தூரிலும் சுற்றுவட்டாரப் பண்ணைகளிலும் எடுக்கிற உள்ளூர்க் கோய் நம் தண்ணீருக்கும் சூட்டுக்கும் பழகியது. ஜப்பான் இறக்குமதி என்று விற்பதன் விலை பல மடங்கு. தோல் வெண்மையும் ஓரங்களின் கூர்மையும் அதில் மேல்தான், ஆனால் முதல் குளத்துக்கு அது தேவையே இல்லை. வெள்ளைமேல் சிவப்பு உள்ள கொஹாகு வாங்குகிறவர்கள் குட்டியில் சிவப்பு கொஞ்சம் கூடுதலாக இருப்பதை எடுங்கள், உடம்பு விரியும்போது சிவப்பு அதோடு சேர்ந்து விரிந்து வெளுப்பதுண்டு. கறுப்பு கலந்த ரகங்களில் கறுப்பு எங்கே வரும், எங்கே மறையும் என்பதை இரண்டு இன்ச்சில் யாராலும் சொல்ல முடியாது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கோய் வைப்பவர்கள் மின்தடைக்கு ஏற்பாடு இல்லாமல் இருக்கக் கூடாது. 2016 வர்தா, 2023 மிக்ஜாம் இரண்டின்போதும் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. நிறைந்த கோய்க் குளம் மோட்டார் நின்ற சில மணி நேரத்திலேயே திணறத் தொடங்கும். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று, இன்வெர்ட்டரில் தனி இணைப்பு ஒன்று, புயல் எச்சரிக்கை வந்ததுமே தீனி நிறுத்தம். இவை மூன்றும் வேண்டும். கப்பித் தொட்டிக்கு இது எதுவும் வேண்டாம் என்பதையும் சேர்த்து யோசித்துவிட்டு மீனை முடிவு செய்யுங்கள்.

எந்த அளவுக் குளத்துக்கும் வேண்டாதவை

‘சார்க்’ என்று 3 இன்ச்சில் விற்கும் பங்காசியஸ் கெளுத்தி இனம், ஒரு மீட்டர் தாண்டி வளரும். ‘பிரானா’ என்று விற்பது பெரும்பாலும் பாக்கு, அதுவும் இரண்டடிக்குமேல் போகும். ரெட் டெயில் கெளுத்தி வாய்க்குள் போகிற எதையும் விழுங்கும். ‘டேங்க் கிளீனர்’ என்று கொடுக்கிற சக்கர் மீன் பாசியைக் கொஞ்ச நாள் சுரண்டும், பிறகு ஒன்றரை அடி வளர்ந்து அது போடுகிற கழிவே வடிகட்டியை அடைக்கும். இரவில் கோயின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உரிக்கும். சுத்தம் செய்கிற மீன் என்று ஒன்று கிடையாது, எந்த மீனும் கழிவு போடுவதுதான். ஜிலேபியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒரு ஜோடி விட்டால் ஒரு வருடத்தில் குளம் அதனுடையது. புல்கெண்டை அல்லியை வேரோடு முடிக்கும். கட்லா, ரோகு ஏரி மீன்கள், ஏரியிலேயே இருக்கட்டும்.

கடையில் பார்க்க வேண்டியது

ஞாயிறு காலை கூட்டத்தில் வாங்குவதைவிட வார நாளில் போவது நல்லது. மீனைப் பார்க்க நேரம் கிடைக்கும், விற்பவருக்கும் பதில் சொல்லப் பொறுமை இருக்கும். மீன் எப்போது வந்து இறங்கியது என்று கேளுங்கள். அன்று காலை வந்திறங்கிய மீனை அன்றே வாங்காதீர்கள், பயணக் களைப்பில் ஒளிந்திருக்கும் நோய் நான்கு நாள் கழித்துத்தான் வெளியே வரும். ஒரு வாரம் கடையில் நின்ற மீன் பாதுகாப்பானது. கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள், ஓடிவந்து தின்ன வேண்டும். நீங்கள் விரும்பிய மீனை மட்டும் பார்க்காமல் அந்தத் தொட்டி முழுவதையும் பாருங்கள். ஒன்று துடுப்பை ஒட்டவைத்துக்கொண்டு மூலையில் நின்றாலும், அடிக்கல்லில் உடம்பைத் தேய்த்தாலும், அந்தத் தொட்டியில் எதுவும் வேண்டாம்.

மண் குளத்தில் வளர்த்த கோயிலும் கோல்ட் பிஷ்ஷிலும் இரண்டு ஒட்டுண்ணிகளைத் தேடுங்கள். நங்கூரப் புழு செதிலுக்கிடையில் அரை இன்ச் நூல்துண்டு போலத் தொங்கும், அடியில் சிவந்திருக்கும். மீன் பேன் தட்டையாக, கண்ணாடிப் பொட்டு போல, நகர்ந்துகொண்டிருக்கும். உப்புத்தூள் தூவின மாதிரி வெண்புள்ளி இருந்தால் சொல்லவே வேண்டாம். இதனால்தான் புது மீனை நேரே குளத்தில் விடக் கூடாது. 200 லிட்டர் டப், ஒரு ஏர் பம்ப், மேலே வலை வைத்து, கோயும் கோல்ட் பிஷ்ஷும் மூன்று வாரம் அங்கே இருக்கட்டும். 1,000 லிட்டருக்கு 3 கிலோ கணக்கில் கல்லுப்பு, அதாவது அந்த டப்புக்கு 600 கிராம், ஒரே மூச்சில் கொட்டாமல் இரண்டு நாளில் மூன்று தவணையாகக் கரைத்துவிடுங்கள். செடி உள்ள குளத்தில் இந்த உப்பைப் போட்டால் செடி கருகும், டப்பில் மட்டும்.

கவரில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் அடைத்துத் தருவார்கள். வெயிலில் வண்டி முன்கொக்கியில் தொங்கவிட்டு வராதீர்கள், ஒரு தெர்மாகோல் பெட்டி போதும். வீட்டில் கவரை 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் செடிக்கு.

மீன் வருவதற்கு முன்

புது சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசியும், பிஎச் 10-க்குமேல் ஏறும். நிரப்பி, நான்கைந்து நாள் விட்டு, வடித்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புங்கள். மூன்று நான்கு முறை. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பது இங்கே பழைய வழக்கம். அதைச் செய்தாலும் கடைசியில் பிஎச் தாளில் அளந்து 8.5-க்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மீன்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். ஏர் பம்ப் ஓடவிட்டு இரண்டு நாள் வெயிலில் வைத்தால் போய்விடும். அவசரமென்றால் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட் படிகம்: லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் உள்ள 1,000 லிட்டருக்கு 14 கிராம். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் ஆழத்திலிருந்து வருவதால் ஆக்சிஜனும் இருக்காது. ஒரு நாள் காற்று ஊட்டிவிட்டு விடுங்கள்.

வடிகட்டியில் பாக்டீரியா குடியேறி அம்மோனியாவை முழுதாகக் கையாள நம் சூட்டில் நான்கு வாரமாவது ஆகும். வாங்க நினைத்த மீனில் கால்பங்கை முதலில் விட்டு, ஒரு மாதம் கழித்து மீதியை இரண்டு தவணையாகச் சேர்ப்பதுதான் முறை. மூன்றாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை சாகிற மீன்களில் பெரும்பாலானவை நோயால் சாவதில்லை, தயாராகாத வடிகட்டியால் சாகின்றன. அந்த மாதத்தில் தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று நிமிடத்தில் தின்கிற அளவு.

வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுங்கள். கோடையில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் அளவு ஆவியாகும். அதை நிரப்புவது மாற்றியதாகாது, தண்ணீர் போகும், உப்பு போகாது. உப்புச்சுவை உள்ள போர் தண்ணீரை வெறுமனே நிரப்பிக்கொண்டே வந்தால் ஆறு மாதத்தில் குளம் கிணற்றைவிடக் கரிக்கும்.

மிஞ்சினதை எங்கே விடுவது

வளர்ந்துவிட்ட கோய், பெருகிவிட்ட கப்பி, வேண்டாமென்று ஆன சக்கர், எதையும் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். சக்கர் மீன் ஏற்கெனவே சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய குளம் உள்ளவரிடம் கொடுங்கள்.

நீங்கள் விடாவிட்டாலும் மழை விடும். ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழிந்தால் கப்பிக் குட்டிகள் மழைநீர் வடிகாலில் போய்ச் சேரும். விளிம்புக்கு 4 இன்ச் கீழே 2 இன்ச் உபரிக் குழாய் ஒன்று வையுங்கள், அதன் வாயில் 2 மில்லிமீட்டர்க் கண்ணி வலை கட்டுங்கள். பிறந்த கப்பிக் குட்டி 6 மில்லிமீட்டர் நீளந்தான், அதற்குப் பெரிய கண்ணி உதவாது. வலை மட்டும் வைத்தால் வேப்பிலை ஒட்டி ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் அரை இன்ச் கண்ணியில் ஒரு கூடை போல வளைத்து வைத்தால் இலை அங்கேயே நின்றுவிடும். மொட்டை மாடித் தண்ணீர் இறங்குகிற குழாயைக் குளத்துப் பக்கம் திருப்பியிருந்தால் அதையும் அந்த மாதமே மாற்றிவிடுங்கள்.